இரண்டு படங்களுக்கு நடுவே

மேல் ஃப்ளாட் பையன் விஸ்காம் மூன்றாம் வருடம் படிக்கிறான். போன மாதம் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு, கையில் ஒரு தாளோடு வந்து நின்றான்.

"அங்கிள், நீங்க பத்திரிகையில எல்லாம் எழுதறீங்கல்ல... இதை மட்டும் ஃபில்லப் பண்ணிக் குடுத்துடுங்களேன்."

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி சில்லறை வேலைகள் வருவது வழக்கம்தான். கல்யாணப் பத்திரிகைக்கு நாலு வரி, கவுன்சிலருக்கு ஒரு மனு, அப்பார்ட்மென்ட் லிஃப்டில் ஒட்ட ஒரு எச்சரிக்கை. வாங்கிப் பார்த்தேன். காலேஜில் கொடுத்த படிவம். 'உன் முதல் குறும்படத்துக்கும் இரண்டாவது குறும்படத்துக்கும் இடையில் நீ பெற்ற திறன்கள் என்னென்ன? உதாரணங்களுடன் விளக்குக.' 10 மார்க். கீழே பன்னிரண்டு கோடுகள்.

அதில் ஏழெட்டுக் கோடுகளை அவனே நிரப்பியிருந்தான். டிரைபாட் உபயோகிக்கக் கற்றேன். ஒயிட் பேலன்ஸ் சரிசெய்யக் கற்றேன். 180 டிகிரி விதியைக் கற்றேன். எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஷார்ட்கட் கற்றேன்.

"நல்லாத்தானே இருக்கு. அப்புறம் என்ன?"

"எல்லாரும் இதையேதான் எழுதறாங்க அங்கிள். வேற என்ன கத்துக்கிட்டேன்னு எனக்கே தெரியல. நடுவுல ஒரு வருஷம் நான் ஒண்ணுமே பண்ணல."

படத்தைப் பார்க்காமல் எப்படி எழுதுவது? ரெண்டையும் போடச் சொன்னேன். போனை டி.வி.யோடு இணைத்தான். என் வீட்டு டி.வி.யில் இப்படி ஒரு வசதி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

முதல் படம் ஆறு நிமிஷம். மொட்டை மாடி. காதில் ஹெட்போனோடு ஒரு பையன் (இவனேதான்). எதிர் மாடியில் துணி காயப்போடும் பெண். ஸ்லோமோஷனில் காற்று, ஸ்லோமோஷனில் துப்பட்டா, ஒரு பியானோ. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் யாரோ கூப்பிட, போய்விடுகிறாள். மழை. பையன் நனைகிறான். அவன் முகம் பதினோரு தடவை குளோசப்பில் வந்தது. எண்ணினேன். அந்தப் பெண்ணின் முகம் இரண்டு தடவை.

180 டிகிரி விதியை இந்தப் படம் தாராளமாக மீறியிருந்தது. விஷயம் தெரியாதவர்களுக்கு: இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள் என்றால் அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் இருந்தால், ஒருவர் இடப்பக்கம் பார்ப்பார், மற்றவர் வலப்பக்கம் பார்ப்பார். ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள் என்று நம் மூளை ஒப்புக்கொள்ளும். கோட்டைத் தாண்டினால் ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். ரெண்டு பேரும் சேர்ந்து மூன்றாவது ஆளைத் தேடுவதுபோல இருக்கும். இவன் படத்தில் பையனும் பெண்ணும் சேர்ந்து பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியைக் காதலித்தார்கள்.

இரண்டாவது படம் எட்டு நிமிஷம். பியானோ கிடையாது.

ஒரு சர்க்கார் அலுவலகத்தின் தாழ்வாரம். மர பெஞ்சு. அதில் இவன் அப்பா. ஒரு தனியார் கம்பெனியில் சூபர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வரவேண்டிய பணத்துக்காக ஆறாவதோ ஏழாவதோ முறையாக வந்திருக்கிறார். மடியில் பிளாஸ்டிக் ஃபைல். கேமரா பெரும்பாலும் அந்த ஃபைலையும் அதன் மேல் இருக்கும் கைகளையும்தான் பார்க்கிறது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது. "ஒரிஜினல் எங்க? இது ஜெராக்ஸ்." "போன தடவை ஜெராக்ஸ் போதும்னீங்க சார்." "யார் சொன்னது?" கைகள் ஃபைலின் ரப்பர் பேண்டை எடுக்கின்றன, மாட்டுகின்றன, எடுக்கின்றன. ஒரே ஒரு இடத்தில் மட்டும் முகம். கவுன்ட்டரிலிருந்து திரும்பி வரும்போது, எதிரே டீ கொண்டுபோகும் பையனைப் பார்த்து அவர் சிரிக்கிறார். ஒரு காரணமும் இல்லாத சிரிப்பு. அந்தக் கட்டிடத்தில் இருக்கும் எல்லோரையும் பார்த்துச் சிரித்து வைத்துவிடலாம், யாரால் என்ன காரியம் ஆகுமோ என்கிற சிரிப்பு.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எப்படி அங்கிள்?"

"எப்படிடா எடுத்தே?"

"அம்மா திட்டறாங்க அங்கிள். அப்பாவை இப்படியா காட்டுவேன்னு. அப்பா இன்னும் பார்க்கல."

இதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் பன்னிரண்டு கோடு. டிரைபாட், ஒயிட் பேலன்ஸ் எல்லாம் உண்மை. ஆனால் முதல் படத்தை டிரைபாட் வைத்து எடுத்திருந்தால் அது ஆடாத மொட்டை மாடிப் படமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். பதினோரு குளோசப்பிலிருந்து அந்த ரப்பர் பேண்டுக்கு இவன் வந்தது எந்த ஷார்ட்கட்டில்?

எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஒரு போலந்துக்காரர். கிஷிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கி. நீலம், வெள்ளை, சிவப்பு என்று 'மூன்று வண்ணங்கள்' படங்களை 1993-94-ல் எடுத்தவர். திரைப்பட விழாக்களுக்குப் போகிறவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. நான் சொல்ல வந்தது அவர் மாணவராக இருந்தபோது எடுத்த துண்டுப் படங்களைப் பற்றி.

போலந்தில் லோட்ஸ் என்று எழுதி 'வூச்' என்று உச்சரிக்கும் ஒரு ஊர். படகு என்று அர்த்தம். ஆனால் பிழைப்பு பஞ்சாலை. நாம் கோயம்புத்தூரைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்பதுபோல அதைப் போலந்து மான்செஸ்டர் என்பார்கள். அங்கே 1948-ல் ஒரு ஆலை முதலாளியின் பழைய மாளிகையில் சினிமாப் பள்ளி தொடங்கினார்கள். வைதா, போலன்ஸ்கி எல்லாம் அங்கே படித்தவர்கள். கீஸ்லோவ்ஸ்கி இரண்டு தடவை நுழைவுத் தேர்வு எழுதி இரண்டு தடவையும் தோற்றார். மூன்றாவது தடவை, 1964-ல், சேர்த்துக்கொண்டார்கள்.

அதைப் பற்றி அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். வெகுஜனத் தொடர்பு சாதனங்கள் எவை என்று நேர்முகத்தில் கேட்டார்களாம். டிராம், பஸ், விமானம் என்று ஆரம்பித்தாராம் இவர். பையன் நக்கலாகப் பேசுகிறான், புத்திசாலி என்று நினைத்துத்தான் சீட் கொடுத்திருப்பார்கள் என்று கடைசிவரை நம்பினார். நம் ஊரில் இப்படிப் பதில் சொன்னால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த டிராம் பள்ளியிலும் கூடவே வந்தது. 1966-ல் அவர் எடுத்த மாணவர் படத்தின் பெயர் 'டிராம்'. ஆறு நிமிஷத்துக்கும் குறைவு. கறுப்பு வெள்ளை. வசனமே கிடையாது. ராத்திரி ஒரு விருந்திலிருந்து கிளம்பும் இளைஞன் ஓடிப்போய் டிராமைப் பிடிக்கிறான். உள்ளே ஓர் அழகான பெண். இவன் பார்க்கிறான், அவள் கவனத்தைத் தன் பக்கம் திருப்பப் பார்க்கிறான். அவள் சிரிக்கிறாள். அப்புறம் தூங்கிப்போகிறாள். இவனுடைய ஸ்டாப் வருகிறது, இறங்கிவிடுகிறான். இறங்கிய பிறகு மனசு கேட்காமல் திரும்ப ஓடுகிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தூங்குகிறாள், டிராம் போகிறது.

இதில் பிற்காலத்துக் கீஸ்லோவ்ஸ்கியை முழுசாகப் பார்க்கிறவர்கள் உண்டு. தற்செயலான சந்திப்பு, கண்ணாடி, வண்டியின் பின்னால் ஓடும் மனிதன். 'குருட்டு அதிர்ஷ்டம்' படத்தில் ஒருவன் ரயிலுக்குப் பின்னால் மூன்று தடவை ஓடுகிறானே, அதற்கு இது விதை என்பார்கள். இருக்கலாம். பெரிய ஆள் ஆகிவிட்டால் ஸ்கூல் நோட்டில் போட்ட மைக்கறைகூட மேதைமையாகத் தெரியும். எனக்கு 'டிராம்' ஓர் அழகான மொட்டை மாடிப் படமாகத்தான் தெரிகிறது. லைட்டிங் நன்றாக இருக்கிறது, வெட்டியிருப்பது சுத்தம், கடைசி ஷாட் மனதில் நிற்கிறது. ஆனால் அந்த இளைஞனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: என்னைப் பார். முதல் படம் எடுக்கிற எல்லோருக்கும் வேண்டியதும் அதுதான்.

அதே 1966-ல் இன்னொரு மாணவர் படம். 'அலுவலகம்'. இதுவும் ஆறு நிமிஷம் போல. சர்க்காரின் சமூகக் காப்பீட்டு ஆபீஸ், பென்ஷன் கவுன்ட்டர். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வயதானவர்கள் வரிசை. அந்தப் பக்கம் முத்திரை, பென்சில், டீ. கவுன்ட்டரில் இருக்கும் பெண்மணிகள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு நேரமாகிறது, டீ ஆறுகிறது, அவ்வளவுதான். இந்தச் சான்றிதழ் இல்லையே, இந்த முத்திரை சரியில்லையே, போய் வாங்கி வாருங்கள். படமும் குரலும் தனித்தனி. ஒரு முகம் பேசுகிறது என்று காட்டிவிட்டு அதன் குரலைக் கொடுப்பதில்லை. குரல் எங்கிருந்தோ வருகிறது, முகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. கடைசியில் அலமாரி அலமாரியாக ஃபைல்கள். அதன் மேல் ஒரு குரல், படிவத்தில் நிரப்பவேண்டிய ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: வாழ்நாள் முழுவதும் என்ன செய்தீர்கள் என்று எழுதவும்.

பையனின் படிவமும் இதுவும் ஒரே குடும்பம் என்று அப்போதுதான் உறைத்தது.

காலேஜ் கணக்கில் மார்க் போட்டால் 'டிராம்'தான் ஜெயிக்கும். கேமரா அசைவு, ஒளியமைப்பு, நடிப்பை வாங்கியது, எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டி மார்க் போடலாம். 'அலுவலக'த்தில் என்ன இருக்கிறது? ஒரு அறை, நாலு முகம், ஒரு முத்திரை. ஆனால் அதை எடுத்தவனுக்கு, என்னைப் பார் என்ற வேண்டுதல் போய்விட்டிருக்கிறது. இரண்டும் ஒரே வருடம். நடுவில் புது லென்ஸ் எதுவும் வந்துவிடவில்லை. பள்ளியில் கரபாஷ் என்று ஓர் ஆவணப்பட ஆசான் இருந்தார். வார்சா டிராம் கம்பெனி ஊழியர்கள் வேலை முடிந்த பிறகு இசை ஒத்திகை பார்ப்பதை எடுத்தவர். பத்து நிமிஷப் படம், விளக்கவுரை கிடையாது. பிற்காலத்தில் தனக்குப் பிடித்த பத்துப் படங்களைச் சொல்லச் சொன்னபோது, சிட்டிசன் கேனுக்கும் சாப்ளினின் 'தி கிட்'டுக்கும் பக்கத்தில் கீஸ்லோவ்ஸ்கி இந்தப் பத்து நிமிஷத்தையும் வைத்தார். டிராமில் போகிற இளைஞனை விட்டுவிட்டு டிராமை ஓட்டுகிறவர்களைப் பார்க்கலாம் என்று யாரோ காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதற்காக அங்கிருந்து நேராக ஏணியில் ஏறிப்போய்விட்டார் என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருடம், 1967-ல், 'நேயர் விருப்பம்' என்கிற மாதிரி ஒரு தலைப்பில் மறுபடி கதைப்படம். பஸ்ஸில் சுற்றுலா வந்து குடித்துக் கும்மாளம் போடும் கூட்டம், மோட்டார் சைக்கிளில் வந்த ஜோடி தவறவிட்ட கூடாரம், அதைத் திருப்பித்தர அந்தப் பெண்ணையே பேரம் பேசும் ஆட்கள். யோசனை பயங்கரமானது. படம் தடுமாறுகிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் தெரிகிறது. 'அலுவலக'த்தில் அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்த மனிதரா இவர் என்று தோன்றும். கற்றது ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் பத்திரமாக வந்து சேரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. படிவம் தயாரிக்கிறவர்கள் இதை ஒத்துக்கொள்வதே இல்லை. அவர்களுக்கு இரண்டாவது படம் முதல் படத்தைவிட நன்றாக இருந்தே ஆக வேண்டும்.

1969-ல் டிப்ளமோ படம்: 'வூச் நகரிலிருந்து'. பதினேழு நிமிஷம். படித்த ஊரையே எடுத்தார். ஆலையில் வேலைக்கு நடுவே பெண்கள் உடற்பயிற்சி செய்கிறார்கள். மூடிவிடப்போகும் மாண்டலின் இசைக் குழுவுக்காகத் தொழிலாளர்கள் வாதாடுகிறார்கள். இடிந்த ஊர், அழுக்கு ஊர். ஆனால் அதைப் பார்க்கிற கண்ணில் கேலி இல்லை. 'அலுவலக'த்தில் கொஞ்சம் கேலி இருந்தது, ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வருடத்தில் அது கரைந்திருக்கிறது. இதற்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவார்கள்?

இதே சமயத்தில் அமெரிக்காவில் ஒரு மாணவர் வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்தார். ஜார்ஜ் லூகாஸ். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம். 1965-ல் அனிமேஷன் கேமராவைப் பழகுவதற்காக மாணவர்களுக்கு ஒரு நிமிஷ ஃபிலிம் கொடுத்தார்கள். மற்றவர்கள் கேமராவை மேலும் கீழும் ஓட்டிப் பார்க்க, இவர் பத்திரிகைப் போட்டோக்களை வைத்து ஒரு நிமிஷப் படமே எடுத்துவிட்டார். 1967-ல் எடுத்த பதினைந்து நிமிஷ விஞ்ஞானப் படம் மாணவர் விழாவில் பரிசு வாங்கி, பின்னால் முழுநீளப் படமாகவே ஆனது. நடுவில் என்ன செய்தார்? அரசாங்கச் செய்திப் படங்களுக்கு எடிட்டிங் உதவி. அப்புறம் கப்பற்படை கேமராமேன்களுக்கு வகுப்பு எடுக்கும் உதவியாளர் வேலை. அந்த வகுப்பு ஆட்களையே யூனிட்டாக வைத்து, அவர்களுக்கென்று வந்த கலர் ஃபிலிமில்தான் அந்தப் படத்தை எடுத்தார். பிற்காலத்தில் ஒரு பெரிய கம்பெனியையே கட்டப்போகிறவரின் சாமர்த்தியம் அங்கேயே தெரிந்துவிடுகிறது. இவர் இரண்டு படங்களுக்கு நடுவே கற்றது ஆளையும் பொருளையும் சேர்க்க. அதுவும் திறமைதான், சினிமாவில் சோறு போடுகிற திறமை. ஆனால் எங்கள் மேல் ஃப்ளாட்டில் நடந்தது இது இல்லை.

"நடுவுல ஒரு வருஷம் ஒண்ணுமே பண்ணலைன்னியே, வீட்டுலயா உக்காந்திருந்தே?"

"இல்ல அங்கிள், கல்யாண வீடியோ எடுக்கிற ஒருத்தர்கிட்ட போயிட்டிருந்தேன். பாக்கெட் மணிக்கு."

லைட் பிடித்திருக்கிறான். ஒயர் சுருட்டியிருக்கிறான். பிறகு சவுண்டு ரெக்கார்டரை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். நான் தோண்டத் தோண்டச் சொன்னான். "தாலி கட்டறப்போ ஒன்மோர் கேக்க முடியாது அங்கிள். ஐயர் கை மறைச்சுதுன்னா போச்சு. அதனால முன்னாடியே எங்க நிக்கணும்னு யோசிச்சு வச்சுக்கணும்." சாப்பாட்டுப் பந்தியில் கேமராவைக் கொண்டுபோனால் யாருக்குமே பிடிப்பதில்லையாம். இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார்களாம். ஆனால் முதலாளி பந்தி கட்டாயம் வேண்டும் என்பார். அப்போது இவன் முகத்தை விட்டுவிட்டுக் கைகளை எடுக்கச் சொல்லியிருக்கிறான். அப்பளம் நொறுக்கும் கை, குழந்தைக்கு ஊட்டும் கை, போதும் போதும் என்று மறிக்கும் கை. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஃபைல் மேல கை வந்தது அங்கேருந்துதானே?"

அவன் யோசித்தான். "அப்படித் தோணல அங்கிள். ஆபீஸ்ல கேமராவை மேல தூக்கப் பயமா இருந்துச்சு. அதான் கீழேயே வச்சுக்கிட்டேன்."

பயம் பாதி, பந்தி பாதி என்று வைத்துக்கொள்வோம்.

கீஸ்லோவ்ஸ்கியும் வூச் பள்ளி சேர்த்துக்கொள்ளாத இடைவெளியில் வார்சாவில் ஒரு நாடகக் கொட்டகையில் நடிகர்களுக்கு உடை மாட்டிவிடும் வேலை பார்த்தார். ராஜா வேஷக்காரர் ராஜா ஆகும் முன்பு பனியனோடு எப்படி இருப்பார் என்று பார்த்துக்கொண்டேயிருக்கும் வேலை. 1975-ல் 'ஊழியர்கள்' என்று டி.வி.க்காக ஒரு படம் எடுத்தபோது, அது ஓர் ஆபரா கம்பெனியின் தையல் அறையில் நடந்தது. கலை மேல் பக்தியோடு வேலைக்குச் சேரும் பையன், கடைசியில் சக தையல்காரர் மேல் புகார் எழுதித்தரச் சொல்லும் தாளின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கொட்டகையில் உடை மாட்டிக்கொண்டிருந்தபோது யாராவது 'என்ன திறன்கள் பெற்றாய்' என்று படிவம் நீட்டியிருந்தால், பொத்தான் போடக் கற்றேன் என்றுதான் அவரும் எழுதியிருப்பார்.

நம் பக்கம் பாருங்கள். கீஸ்லோவ்ஸ்கி டிப்ளமோ வாங்கிய அதே காலத்தில் புனே இன்ஸ்டிடியூட்டிலிருந்து ஒளிப்பதிவு படித்து வெளியே வந்தவர் பாலு மகேந்திரா. அவருடைய டிப்ளமோ படத்தைப் பார்த்துத்தான் ராமு காரியத் 'நெல்லு' மலையாளப் படத்துக்கு அழைத்தார். ஒரு மாணவர் படத்தில் இன்னொரு பெரியவர் என்னத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறார்? ஒயிட் பேலன்ஸையா?

சரி, அம்மா திட்டிய விஷயம். இதற்கும் கீஸ்லோவ்ஸ்கியிடம்தான் போக வேண்டியிருக்கிறது. 1979-ல் 'கேமரா பைத்தியம்' என்று சொல்லத்தக்க ஒரு படம் எடுத்தார். மாஸ்கோ விழாவில் பெரிய பரிசு வாங்கிய படம். ஒரு ஆலைத் தொழிலாளி, மனைவி பிரசவத்துக்குப் போயிருக்கும்போது, பிறக்கப்போகும் குழந்தையைப் படம் பிடிக்க என்று ஒரு 8 எம்.எம். கேமரா வாங்குகிறான். ஆலை இயக்குநர், நம் ஆண்டு விழாவை எடுப்பா என்கிறார். எடுக்கிறான். ஜன்னல் விளிம்பில் புறாக்கள், நடுவில் வெளியேறும் விருந்தாளிகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கிறான். அமெச்சூர் விழாவில் பரிசு. பிறகு ஆலையிலேயே குள்ளமான ஒரு தொழிலாளியைப் பற்றி ஒரு படம். பிறகு டி.வி. ஒவ்வொரு படத்துக்கும் நடுவே அவன் தேறிக்கொண்டே வருகிறான். அதை நாமே பார்க்கிறோம். மாணவர் படங்களைப் பற்றி யாராவது விமர்சனம் எழுத வேண்டுமென்றால் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிடலாம்.

அவன் தேறத் தேற, அவனுக்கு ஆதரவாக இருந்த பெரியவருக்கு வேலை போகிறது. நல்லதை நினைத்து எடுத்த படத்தால். மனைவி குழந்தையோடு வீட்டை விட்டுப் போகிறாள். அவள் வாசல் தாண்டிப் போகும்போது இவன் என்ன செய்கிறான் தெரியுமா? இரண்டு கையாலும் ஃபிரேம் கட்டி, அதற்குள் அவள் முதுகைப் பார்க்கிறான். முதல் தடவை பார்த்தபோது தியேட்டரில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் அவன் கேமராவைத் தன் முகத்துக்கே திருப்பி வைத்துக்கொண்டு, குழந்தை பிறந்த அன்று என்ன நடந்தது என்று பேச ஆரம்பிக்கிறான்.

கீஸ்லோவ்ஸ்கிக்கு இது வெறும் கதை இல்லை. 1980-ல் வார்சா மத்திய ரயில் நிலையத்தைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ராத்திரி எடுத்த ஃபிலிம் சுருளைப் போலீஸ் பறிமுதல் செய்தது. ஒரு பெண் தன் தாயைக் கொன்று, உடலைப் பெட்டியில் வைத்து அங்கே லாக்கரில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். படத்தில் அவள் விழுந்திருக்கிறாளா என்று பார்ப்பதற்காக. விழவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கேமராவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பியிருந்தால் தான் போலீசுக்குச் சாட்சி ஆகியிருப்போம் என்ற எண்ணம் அவரை விடவில்லை. ஆவணப்படத்திலிருந்து அவர் மெல்ல விலகியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொன்னார். நிஜக் கண்ணீரைப் படம் பிடிக்கத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, கிளிசரின் கண்ணீர் பரவாயில்லை என்கிற அர்த்தத்திலும் பேசியிருக்கிறார். 'அலுவலக'த்தில் கவுன்ட்டர் முன் நின்ற அந்த வயதானவர்களை எடுத்தபோது இந்தச் சந்தேகம் அவருக்கு இருந்த மாதிரித் தெரியவில்லை. இருந்திருந்தால் அந்தப் படம் வந்திருக்காது. வந்தது நல்லதா என்று கேட்டால், நல்லது என்றுதான் நான் சொல்வேன். அந்த வரிசையில் நின்ற யாருடைய பிள்ளையும் நான் இல்லை என்பதால் எனக்குச் சொல்வது சுலபம்.

இதையெல்லாம் அவனிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. மணி பதினொன்று ஆகிவிட்டது. ஒன்று மட்டும் கேட்டேன்.

"அந்தச் சிரிப்பு. டீக்காரப் பையனைப் பார்த்து அப்பா சிரிக்கிறாரே. அதை வச்சுக்கணும்னு எப்போ முடிவு பண்ணே?"

"எடிட் பண்றப்போ மூணு தடவை தூக்கிட்டேன் அங்கிள். தூக்கினா படம் நல்லாவே இல்ல. திரும்ப வச்சேன்."

"அதை எழுது."

"எதை?"

"மூணு தடவை தூக்கி, நாலாவது தடவை வச்சதை."

"அது திறமையா அங்கிள்?" என்று தாளைப் பார்த்தான். "இதுல 'உதாரணங்களுடன்'னு போட்டிருக்கு."

மறுநாள் அவன் 180 டிகிரி விதிக்கு ஒரு படமும் வரைந்து, பன்னிரண்டு கோட்டையும் நிரப்பிக் கொடுத்துவிட்டான். பத்துக்கு எட்டு வந்ததாம். அவனைக் குறை சொல்ல முடியாது. இன்டர்னல் மார்க் இன்டர்னல் மார்க்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டப்போகிறானாம். அம்மாவுக்கு இன்னும் சம்மதம் இல்லை. நீங்களும் வந்துடுங்க அங்கிள், நீங்க இருந்தா அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார் என்று கூப்பிட்டிருக்கிறான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். படம் ஓடும் எட்டு நிமிஷமும் நான் டி.வி.யைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை.